மெமரி போடாத லேப்டாப்

என் லேப்டாப்புக்கு மெமரி கூட்டுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். உறுதியான முடிவு. ஜாவாவின் எங்கள் சோலோ நகரமே திரண்டு வந்து கெஞ்சினாலும் மாறாது.

சின்ன லேப்டாப். அமுக்கினால் திறக்கும், எப்போது என்று அதற்கே தெரியாது. அதனால்தான் அது எனக்கு உயிர். எங்கள் தெருச் சங்கத் தலைவர் பாக் ஜுவாரி, அதாவது ஜுவாரி ஐயா, என்னைச் செயலாளராக்கத் துடிக்கிறார். குடும்ப அட்டை, கொசு மருந்து, ராக்காவல் முறை என்று எல்லாவற்றையும் லேப்டாப்பில் ஏற்றும் வேலை செயலாளர் தலையில்தான் விடியும். ஜாவாக்காரன் முகத்துக்கு நேரே முடியாது என்பானா? பழியை ஒரு பொருள் மேல் போட வேண்டும். "எனக்கு ஆசைதான், பாக். இந்த லேப்டாப்தான் ஒத்துழைக்க மாட்டேங்குது" என்று வருத்தமாகச் சொல்லித் தப்பித்து வந்தேன்.

என் மனைவி லெஸ்தாரிதான் விடவில்லை.

"மெமரி போட்டுடுங்களேன், மாஸ்." எங்கள் ஊரில் புருஷனை அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். மரியாதை அந்தச் சொல்லோடு சரி.

"தேவையில்லை."

"உங்க பறவை திக்குது."

அடிமடியில் கை வைத்தாள். பாட்டுப் போட்டிக்காக நான் வளர்க்கும் சோலைபாடி அது. பரிசு வாங்கிய பறவைகளின் பாட்டை லேப்டாப்பில் ஓடவிட்டுத்தான் பழக்குகிறேன். லேப்டாப் நின்று நின்று பாடியது. பறவையும் பயபக்தியோடு அப்படியே கற்றுக்கொண்டது. பாதிப் பாட்டில் அலகைத் திறந்தபடி அசையாமல் நிற்கும். பிறகு முதலிலிருந்து தொடங்கும்.

"நடுவர் சிரிக்கப் போறாரு, மாஸ்."

"சிரிக்கட்டும்."

"எதிர்வீட்டு தார்யோனோ பறவை கோப்பை வாங்கும். நாம போய்க் கை தட்டிட்டு வரலாம்."

"தட்டு. என் முடிவு முடிவுதான்!"

மறுநாளே, அவள் சந்தைக்குப் போன நேரத்தில், லேப்டாப்பைச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு கடைக்குப் போய் மெமரியை இரட்டிப்பாக்கிவிட்டேன். தார்யோனோவுக்குக் கோப்பையா? செத்தாலும் விடமாட்டேன். வெளியே சொன்னால்தானே வம்பு!

அந்த மாதக் கூட்டம் எங்கள் வீட்டில். பாய் விரித்து, தேநீரும் பொரித்த தெம்பே என்ற சோயா வில்லைகளும் வைத்தோம். பாக் ஜுவாரி தொண்டையைச் செருமினார்.

"லேப்டாப் இப்ப எப்படி இருக்கு, தம்பி?"

"அதை ஏன் கேக்கறீங்க, பாக்! நேத்து அமுக்கினது, இன்னும் திறக்கல." கண்ணே கலங்கிவிட்டது எனக்கு.

சமையலறை வாசலிலிருந்து லெஸ்தாரி குரல் கொடுத்தாள். "பாவம், அவர் மேல தப்பே இல்ல, பாக். பொறுமை வேணும் அதுக்கு. நான் வேணா செயலாளரா இருக்கேன்."

கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன், எல்லோரையும்விடப் பலமாக.

"ஆனா ஒண்ணு," என்றாள். "இவ்வளவு மெதுவான லேப்டாப்புல வேலை முடிய ராத்திரி ஆயிடும். சாயங்காலச் சமையலை மாஸ் பார்த்துக்கணும். பார்த்துப்பீங்கல்ல?"

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. லேப்டாப் பறக்கிறது என்று சொன்னால் பதவி எனக்கு. சொல்லாவிட்டால் கரண்டி எனக்கு.

"சந்தோஷமா," என்றேன்.

மறுநாள் சாயங்காலம் அடுப்படியில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றேன். கூடத்தில் லெஸ்தாரி கால்மேல் கால் போட்டு, லேப்டாப்பில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு இடத்திலும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு ஓடியது.

"அதான் வேலை முடிஞ்சுபோச்சே, எழுந்து வாயேன்!"

"எங்க முடிஞ்சுது, மாஸ்? இன்னும் திறக்கவே இல்ல. வேணும்னா பாக் ஜுவாரியைக் கூப்பிட்டுக் காட்டட்டுமா?"

நான் அடுத்த வெங்காயத்தை எடுத்தேன்.