இடியன் அண்ணை குறி பார்த்த சனிக்கிழமை

இடியன் அண்ணையைவிட முன்ஜாக்கிரதையான மனிதர் ஒருவர் இருந்திருந்தால், அவர் கனடாவுக்கு, இந்த மொன்றியலுக்கு வந்தே இருக்கமாட்டார். விமானம் விழுந்துவிடும் என்று வீட்டிலேயே இருந்திருப்பார். அண்ணை சோறு அவிக்கும் குக்கர் வாங்கினால், கூடவே வரும் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்து முடித்த பிறகுதான் அரிசியைக் கழுவுவார். பிரெஞ்சுப் பகுதியையும் விடமாட்டார். பிரெஞ்சு அவருக்கு விளங்காது. அது வேறு விஷயம்.

மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஓர் ஆஸ்பத்திரியின் நிலக்கீழ்ச் சலவைப் பகுதியில் நாங்கள் இருவரும் வேலை செய்தோம். நான் போர்வை மடிப்பேன். அவர் அதை விரித்துப் போட்டு, நான் மடித்தது எப்படிப் பிழை என்று விளக்கிவிட்டு, மறுபடி மடிப்பார். மன்னார்க்காரர். ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறவிடாதவர். இப்படிப்பட்டவர் ஒருநாள் தேத்தண்ணி இடைவேளையில், தான் மான் வேட்டைக்குப் போவதாக அறிவித்தார்.

எல்லாவற்றுக்கும் காரணம் ரெஜான். சலவை இயந்திரங்களைத் திருத்துகிற கியூபெக்காரர். மற்ற வேட்டைக்காரர்கள் காட்டுக்குள் இறங்குவதற்கு முன்பு, பழைய மாதிரித் துவக்குக்காரருக்கென்று சில நாட்கள் ஒதுக்கியிருக்கிறார்கள், அப்போது காட்டில் கூட்டமே இராது என்று அவர் சொல்லியிருக்கிறார். கூட்டம் இல்லை என்றால் அண்ணை எங்கேயும் போவார். குழல் வாயால் வெடிமருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கோலால் இடித்து இறுக்கிச் சுடுகிற துவக்கு அது. வன்னிப் பக்கம் அதை இடியன் என்பார்கள். அன்றிலிருந்து அண்ணைக்கும் அதுவே பெயர்.

“ஒரே ஒரு வெடிதான் தம்பி. பிழைச்சா மானும் வீட்டை போகும், நானும் வீட்டை போவன். அதுதான் மரியாதை” என்றார்.

அவருடைய மனைவிக்கு வேறு அபிப்பிராயம் இருந்தது. “நுளம்பை அடிச்சுப்போட்டு மன்னிப்புக் கேக்கிற மனிசன். இவர் மான் சுட்டு நான் சமைச்ச மாதிரித்தான்!”

லைசென்சுக்கான படிப்பு முடிந்தது, துவக்கும் வந்தது. அதன் பிறகு எட்டு மாதம் ஒத்திகை. துவக்கை வேலைக்குக் கொண்டுவர முடியாதே! ஆகையால் மொப் தடியை வைத்துக்கொண்டு, “மருந்து, குண்டு, இடி, தொப்பி!” என்று உரத்துச் சொல்லிச் சொல்லிப் பயிற்சி எடுத்தார். தொப்பி என்பது கடைசியில் பொருத்துகிற சின்னச் செம்பு மூடி. அதில் அடி விழுந்தால்தான் உள்ளே மருந்து பற்றும். ஒருநாள் படுக்கை விரிப்பு எடுக்க வந்த தாதி ஒருவர், அண்ணை சுருட்டிய கம்பளத்துக்குள் தடியை விட்டு “இடி! இடி!” என்று இடிப்பதைக் கண்டார். விரிப்பு எடுக்காமலே திரும்பிப் போய்விட்டார்.

வேட்டை தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது என்னிடம் வந்தார். குறி காட்டுகிற இடத்தில்தான் குண்டு போய் விழுகிறதா என்று பார்த்துத் திருத்த வேண்டும். வடக்கே ஒரு மணி நேர ஓட்டத்தில் ஒரு சுடுதளம் இருக்கிறது.

“தம்பி, உன்ரை பிரெஞ்சு எனக்குத் தேவை.”

என் பிரெஞ்சுக்குச் சொந்தமாக ஒரு கார் இருப்பதும் அவருக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலை புறப்பட்டோம். வழியில் மூன்று இடத்தில் காரை நிறுத்தச் சொன்னார். பூட்டிய டிக்கிக்குள், பூட்டிய பெட்டிக்குள் துவக்கு இருக்கிறதா என்று பார்ப்பதற்காம். மூன்று தடவையும் இருந்தது.

சுடுதளத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் நரைத்த பின்னல் போட்ட ஒரு பெண்மணி. எல்லோரும் பிரெஞ்சு முறைப்படி ‘மடம்’ என்றார்கள், நாங்களும் அப்படியே அழைத்தோம். காதுக்கவசம் தந்து, விதிகளைச் சொன்னார். பாதியை நான் மொழிபெயர்த்தேன். மறுபாதி எனக்கும் விளங்கவில்லை. அண்ணை மேசையில் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கத் தொடங்கினார். அப்போது பக்கத்துத் தடத்தில் ஒருவர் சுட்டார்.

நான் எதையும் யோசிக்கவில்லை. கண்ணைத் திறந்தபோது சீமெந்துத் தரையில், மேசைக்குக் கீழே குப்புறக் கிடந்தேன். எனக்கு ஓரடி முன்னால் இடியன் அண்ணை அதே மாதிரிக் கிடந்தார். சண்டைக்குத் தப்பி இந்த ஊருக்கு வந்து இருபத்தைந்து வருடம். பனியில் சறுக்கி விழுந்தால் எழும்பப் பத்து நிமிடம் எடுக்கிற எங்கள் இருவருக்கும், அன்றைக்கு விழுவதற்கு அரை நொடிகூடத் தேவைப்படவில்லை.

மடம் குனிந்து பார்த்து, என்ன நடந்தது என்று கேட்டார்.

“சப்பாத்து லேஸ் கட்டினனாங்கள் எண்டு சொல்லு” என்றார் அண்ணை, தரையிலிருந்தபடியே.

சொன்னேன். மடம் அண்ணையின் கால்களைப் பார்த்தார். லேசே இல்லாத, ஒட்டுப்பட்டி வைத்த சப்பாத்து.

“நன்றாகக் கட்டுங்கள். அவசரமே இல்லை” என்றுவிட்டு நகர்ந்தார்.

எழும்பிக் கோப்பியை எடுத்தேன், பாதி என் சட்டையில் சிந்தியது. “அண்ணை, நான் போய்க் காருக்குள்ள இருக்கிறன்” என்றேன்.

“காருக்குள்ள இருந்தா எப்ப வெடிக்கும் எண்டு தெரியாமல் இன்னும் பயப்பிடுவாய். இஞ்ச இரு. நான் சொல்லிப்போட்டுத்தான் சுடுவன்.”

இருந்தேன். அவர் ஒவ்வொன்றாகச் செய்து முடித்து, குறி பார்த்து, முழுச் சுடுதளத்துக்கும் கேட்கும்படி கத்தினார்: “தம்பி, சுடப்போறன்!”

காதைப் பொத்தினேன். ‘டிக்’ என்றது. அவ்வளவுதான்.

துவக்கின் வாயை முன்பக்கமே நீட்டியபடி ஒரு நிமிடம் காத்திருக்கச் சொன்னார் மடம். பிறகு, மருந்து போட்டாரா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். இடியன் அண்ணை வானத்தைப் பார்த்தார். எட்டு மாத ஒத்திகையில் மொப் தடி ஒருநாளும் மருந்து கேட்டதில்லை. முனையில் திருகாணி வைத்த கோலொன்றைக் கொண்டுவந்து, உள்ளே இறுகிய குண்டை மடமே இழுத்து எடுத்தார்.

இரண்டாம் தடவை மருந்து போட்டார். “தம்பி, சுடப்போறன்!” துவக்கு முழங்கியது. வெண்புகை எழும்பி எங்களை மூடியது. அது கலைந்த பிறகு பார்த்தால் எங்களுக்கென்று எதிரே நட்டிருந்த குறி அட்டை புத்தம் புதிதாக இருந்தது. ஓட்டை இடது பக்கத்துக்காரரின் அட்டையில் விழுந்திருந்தது.

“காத்து” என்றார் அண்ணை. ஓர் இலை அசையவில்லை.

குண்டு இடப்பக்கம் போகிறதென்றால், துவக்குக் குழலின் பின்பக்கத்தில் இருக்கும் குறியை வலப்பக்கம் நகர்த்த வேண்டும். அண்ணைக்குச் சொந்தமாக ஒரு விஞ்ஞானம் இருந்தது. அதன்படி இடப்பக்கம் நகர்த்தினார். அடுத்த குண்டு அட்டைகளையெல்லாம் தாண்டி மண்மேட்டுக்குள் போனது. குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ, பின்குறியையும் அந்தப் பக்கமே நகர்த்துங்கள் என்றார் மடம்.

“சரி, மடம் சொல்லுறபடியே செய்வம். பிழைச்சா அவவின்ரை பொறுப்பு.”

இரண்டாவது வசனத்தை நான் மொழிபெயர்க்கவில்லை.

ஒவ்வொரு வெடிக்கு முன்பும் அந்தக் கத்தல் நடந்துகொண்டிருந்தது. ‘தம்பி’ என்றால் என்ன என்று மடம் என்னிடம் கேட்டார். விளக்குகிற நிலையில் நான் இல்லை. என் பெயர் என்று சொல்லிவிட்டேன். அவர் ஒவ்வொரு தடமாகப் போய் ஏதோ சொன்னார். சிறிது நேரத்தில் பக்கத்துத் தடத்துத் தாடிக்காரர் என் பக்கம் திரும்பி, “தாம்பீ!” என்று கத்திவிட்டுச் சுட்டார். பிறகு அவருக்கு அடுத்தவர் கத்தினார். அன்று மதியம்வரை அந்தச் சுடுதளத்தில் என்னிடம் அறிவிக்காமல் ஒரு குண்டும் வெளியே போகவில்லை. நாட்டின் பிரதமருக்குக்கூட இந்த மரியாதை கிடைத்திருக்காது. நான் வாங்கில் உட்கார்ந்து கோப்பி குடித்தேன். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

கடைசி மூன்று வெடிகளும் ஒரு தேசிக்காய் அளவு இடத்துக்குள் விழுந்தன. அண்ணை அந்த அட்டையைக் கழற்றி, மடத்திடம் கையெழுத்து வாங்கி, போர்வை மடிப்பதைவிடக் கவனமாக மடித்து வைத்தார்.

வேட்டைக்கு ரெஜானோடு போனார். மூன்று நாள் கழித்து வேலைக்கு வந்தபோது ரெஜான் அவரோடு கதைக்கவில்லை. அவர் இருக்கும் பக்கமே பார்க்கவில்லை.

“என்னண்ணை நடந்தது?”

“மான் வந்தது தம்பி. கொம்பு மான். கிட்டத்தான், ஐம்பது மீற்றர்கூட வராது. குறி அச்சொட்டா நிண்டது. மருந்தும் போட்டனான்.”

“பிறகு?”

அண்ணை உலர்த்தியிலிருந்து ஒரு போர்வையை இழுத்து உதறினார். “‘தம்பி, சுடப்போறன்’ எண்டு கத்திப்போட்டன். மான் ஓடிப்போட்டுது.”

எனக்குச் சிரிப்பு அடங்கச் சில நிமிடம் பிடித்தது. “அண்ணை, நான்தான் அங்கை இல்லையே!”

“நீ இல்லை எண்டு எனக்குத் தெரியும். வாய்க்குத் தெரியேல்லை.”

அன்று அவருடைய பங்குப் போர்வைகளையும் சேர்த்து நானே மடித்தேன். அவர் ஒன்றைக்கூட விரித்துப் பார்க்கவில்லை.