நடுநிலைவாதிக்கு எத்தனை வருஷம்?

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு அன்று வந்தவர்களின் கண்ணைவிடக் கருத்துதான் முக்கியமாகப் பட்டது. இணையத்தில் பொய்ப்பெயரில் அடுத்தவரைக் கேலி செய்பவர்களைத் தண்டிக்கச் சட்டம் வரப்போகிறதாம். ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அரசாங்கம் ஆள்விட்டுக் கேட்கிறதாம். லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இவரும் கேட்டார்.

பஸ் டிரைவர் இரண்டு வருஷம் உள்ளே தள்ளச் சொன்னார். வங்கிக்காரர், மன்னிப்புக் கேட்டால் போதாதா என்றார். ஒரு பள்ளி ஆசிரியை எழுத்துப் பலகையின் மூன்றாவது வரியோடு நின்றுவிட்டார். அவர் மகள் பாடிப் போட்ட பாட்டைக் கண்டவர்களும் கிண்டலடித்ததில், பெண் ஆறு மாதமாக முணுமுணுப்பதுகூட இல்லையாம். கடைக்காரர் அதோடு கருத்துக் கேட்பதை நிறுத்திக்கொண்டார்.

காரணம், அவரும் ஒரு பொய்ப்பெயர்க்காரர். வீட்டில் மூன்று நாள் மல்லுக்கட்டியும் அவரால் ஓட்ட முடியாத மின்விசிறியை மனைவி பத்தே நிமிடத்தில் ஓடவிட்டாள். அதோடு விட்டாளா? படமெடுத்து இணையத்திலும் ஓடவிட்டாள். அன்றிலிருந்து அவள் போடும் பழுதுபார்ப்புப் படம் ஒவ்வொன்றின் கீழும் 'நடுநிலைவாதி' என்ற பெயரில் இவர் நஞ்சைக் கக்கிவந்தார்.

ஆசிரியை வந்துபோனபின் எதுவும் எழுதாமல் கையைக் கட்டிக்கொண்டார். ஆனால் நாலாம் நாள், கருத்துக் கேட்கும் பெண் வீட்டுக்கே வந்துவிட்டாள். மனைவி யோசிக்கவே இல்லை. அஞ்சு வருஷம் என்றாள். அபராதத்தையும் சேர்த்து எழுதிக்கொள்ளச் சொன்னாள்.

அந்தப் பெண் படியிறங்கியதும் இவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நான் ஒண்ணு சொல்லணும். அந்த நடுநிலைவாதி... நான்தான்."

"தெரியுங்க." அவள் ஸ்க்ரூடிரைவரைத் துடைத்தபடியே சொன்னாள். "முயற்சிக்கு நடுவுல சும்மா ஒரு 'ச்' போட்டு 'முயற்ச்சி'ன்னு எழுதுறது உங்க கைதானே."

"அப்புறம் ஏன் அஞ்சு வருஷம்னே?"

"அது ஊரார் பொண்ணுங்களை அழவைக்கிறவனுக்கு. நீங்க எழுதி நான் எங்க அழுதேன்? உங்களைத் திட்டறதுக்குன்னே ஆயிரம் பேர் வந்து, படத்தையும் பார்த்துட்டுப் போறாங்க. மூணு நாளா நீங்க எழுதலை, ஒரு ஈ காக்கா வரலை."

பெருமைப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியாமல் அவர் நின்றார். அவள் அவருடைய கைபேசியை எடுத்து நீட்டினாள்.

"இன்னிக்கு மிக்ஸி போட்டிருக்கேன். காரமா நாலு வரி எழுதுங்க. எங்கிட்ட காட்டிட்டுப் போடுங்க, பழுதுபார்த்துத் தரேன்."