கடல் கேட்ட கார்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில், உப்பளம் முடியும் இடத்தில், செவ்வாய்தோறும் அரை மைலுக்குக் கார்கள் வரிசை கட்டின. எல்லாவற்றுக்கும் ஒரே நோய். வண்டி நேராகத்தான் ஓடும். ஸ்டீயரிங் மட்டும் இடப்பக்கம் சாய்ந்தே நிற்கும்.

இடப்பக்கம் என்ன இருக்கிறது? கடல். கடலில் யார்? முத்துக்குளிக்கப் போய்த் திரும்பாதவர்கள். அவர்கள்தான் கையைப் பிடித்து இழுக்கிறார்கள் என்று கண்டு சொன்னவர் கடலிழுப்புச் சாமி. வலப்பக்கம் சாய்ந்தால்? கடல் உங்களை விரட்டுகிறது. அதற்குக் கட்டணம் வேறு.

பரிகாரம் மூன்று செவ்வாய், மூன்று எலுமிச்சை. ஒரு விதியும் உண்டு: வந்த வழியே திரும்பக் கூடாது, கடலோரத்தை விட்டு உள்ளே ஏரல் வழியாகச் சுற்றித்தான் ஊர் போகவேண்டும். அதற்கும் தீராவிட்டால் காரைக் கடலுக்கே எழுதிக் கொடுத்துவிட வேண்டும், ஆர்.சி. புத்தகத்தோடு. கடலுக்கு ஆர்.சி. புத்தகம் எதற்கு என்று ஒரு பக்தரும் கேட்டதில்லை.

பாத்திரக்கடை இசக்கியப்பனும் கேட்கவில்லை. அவருக்கு அந்தச் சாமியைப் பிடித்துப் போனதற்குக் காரணம் உண்டு. போன மாதம் செல்போனில் வீடியோ பார்த்து, முன்சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் நுனியைத் தானே கழற்றி மாற்றியிருந்தார். பழையதை எத்தனை சுற்றில் கழற்றினோம் என்று எண்ணச் சொன்ன இடத்தில் விளம்பரம் வந்தது; அதைத் தள்ளியதில் அந்த இடமும் சேர்ந்து போனது. மறுநாள் ஸ்டீயரிங் கோணிக்கொண்டது. தன் கையில் பிழை என்று ஒப்புக்கொள்வதைவிடக் கடலின் மேல் போடுவது கௌரவமாக இருந்தது. கடலும் மறுப்புத் தெரிவிக்கவில்லை.

மூன்று எலுமிச்சையும் தோற்றன. நான்காம் செவ்வாய் காரை எழுதிக் கொடுக்க நாள் குறித்தார்கள்.

ஆனால் ஆர்.சி. மனைவி செண்பகம் பெயரில் இருந்தது. அந்தக் காரில்தான் அவர் கருப்பட்டி மிட்டாயைத் திருச்செந்தூர்க் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டிருந்தார். கார் போனால் தொழில் போச்சு. ஏரல் சுற்று பெட்ரோலுக்குக் கட்டாது என்று, சாமிக்குத் தெரியாமல் வந்த வழியேதான் அவர் தினமும் திரும்பிக்கொண்டிருந்தார்.

அந்தச் செவ்வாயன்று தன் கொட்டகை வாசலில், கூட்டம் பார்க்க, சாமி செண்பகத்திடம் பேனாவை நீட்டினார்.

"போடுதேன் சாமி. அதுக்கு முன்ன நீங்க ஒரு தடவ ஏறி உக்காருங்க. கடல் இழுக்கது எனக்கும் தெரியட்டும்."

செண்பகம் ஓட்ட, சாமி முன்னால் ஏறினார். பின்னால் இசக்கியப்பனும், சாட்சிக்கு ஜீவமணியும். ஜீவமணியின் வெள்ளைக் காரைப் போன மாதம்தான் கடல் வாங்கிக்கொண்டிருந்தது.

தெற்கே போனார்கள். ஸ்டீயரிங் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. கடலும் இடப்பக்கம். ஜீவமணி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

செண்பகம் சட்டென்று வண்டியை வடக்கே திருப்பினார். கூடாது, தோஷம் என்று சாமி பதறுவதற்குள் திரும்பியாயிற்று.

"இப்பம் கடல் எங்கன இருக்கு சாமி?"

சாமி கண்ணை மூடித் தியானத்தில் இறங்கினார். ஜீவமணி கண்ணைத் திறந்து வெளியே பார்த்தார். கடல் வலப்பக்கம். ஸ்டீயரிங் அப்போதும் இடப்பக்கமே சாய்ந்து, பனங்காட்டைக் காட்டிக்கொண்டிருந்தது.

"ஆவி பனையில ஏறிட்டு," என்றார் சாமி. இசக்கியப்பன் தலையாட்டினார். பக்தி என்றால் அது.

"அப்பம் யாருக்கு எழுதிக் குடுக்க? கடலுக்கா, பனைக்கா?"

கொட்டகை முன்னால் வண்டியை நிறுத்தி, சக்கரத்தை ஒரு பக்கமாக ஒடித்துவைத்து, செண்பகம் இரண்டு ஸ்பேனர்களோடு கீழே உட்கார்ந்தார். வலப்பக்கக் கம்பியில் எட்டு மரைச் சுற்று வெளியே தெரிந்தது. இடப்பக்கம் பதினொன்று. பூட்டு நட்டைத் தளர்த்தி, அதையும் எட்டாக்கி, இறுக்கினார். மந்திரம் எதுவும் இல்லை. அதே வீடியோவை விளம்பரத்தைத் தள்ளாமல் முழுதாகப் பார்த்திருந்தார், அவ்வளவுதான்.

தெற்கே ஓட்டினார், நேர். வடக்கே ஓட்டினார், நேர். செத்தவர்கள் ஸ்பேனருக்குப் பயந்தார்கள் போலும்.

ஜீவமணி அதற்குள் கொட்டகையின் பின்பக்கம் போய்த் தார்ப்பாயை இழுத்திருந்தார். கடல் விழுங்கிய அவருடைய வெள்ளைக் கார், ஒரு துளி ஈரமில்லாமல் நின்றது. கண்ணாடியில் 'விற்பனைக்கு' என்று சீட்டு. ஸ்டீயரிங் அம்புபோல் நேராக இருந்தது. பக்கத்தில் செண்பகத்தின் கையில் இருந்தது போலவே இரண்டு ஸ்பேனர்.

"ஏன் சாமி, கடல் திருப்பிக் குடுத்துட்டுன்னா எனக்கு ஒரு போன் அடிச்சிருக்கலாம்லா?"

கூட்டம் நெருங்கியது. காவி நழுவியது. உள்ளே இருந்தவர் வெள்ளத்துரை, பழைய கார் தரகர். ஞானம் பிறப்பதற்கு முன்பும் அதே தொழில்தான். வண்டியை விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது ஒன்றுதான் அன்றைக்கு இருந்த குறை.

போலீஸ் வந்து அழைத்துப்போனது. மறுநாள் காலை இசக்கியப்பன் அந்த ஸ்பேனரைக் கழுவித் துடைத்து, சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, அதுக்குப் பொட்டு வைக்காதிய. திருகப் படிங்க."

காரை ஒரு தடவை திருப்பியதும் உடைந்துபோன பொய்க்கு, அரை மைல் நின்றீர்களே ஐயா. அடுத்த வரிசை எங்கேயோ இந்நேரம் தொடங்கியிருக்கும். அதில் போய் நிற்கும் முன், கடல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கழுத்தைத் திருப்பியாவது பாருங்கள். அதற்கு ஸ்பேனர்கூட வேண்டாம்.