கட்டு மாமாவின் ஒடியாத கை

தன்மேல் தானே இத்தனை இரக்கப்பட்ட மனிதர் சித்தூர் ஜில்லாவில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. புத்தூர் பக்கத்து எங்கள் தெருவில் அவருக்குக் கட்டு மாமா என்று பெயர். நிஜப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும்.

ஒரு முறை சைக்கிளிலிருந்து விழுந்து கை முறிந்து, எலும்பு வைத்தியத்துக்குப் பேர்போன புத்தூரில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். கட்டு இருந்தவரை அவர் மனைவி அதட்டவில்லை. கேட்காமலே ஈரல் வறுவல் வந்தது. மனிதர் ருசி கண்டுவிட்டார். கட்டுப் பிரித்ததும் உள்ளே வைத்திருந்த மூங்கில் பத்தைகளைக் கழுவிப் பரணில் வைத்துக்கொண்டார். அதன்பின் போர்வெல்லில் தண்ணீர் வரவில்லையா, பெங்களூர் போன மகன் எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் செய்யவில்லையா, மறுநாள் காலை மாமா கையில் கட்டு. அவரே போட்டுக்கொள்வது. புத்தூரில் அளவாகப் பூசுகிற முட்டையின் வெள்ளைக்கருவை இவர் தாராளமாகப் பூசுவார். மதியத்துக்குள் கட்டு நழுவி மணிக்கட்டில் வளையலாகத் தொங்கும். தெருப்பூனைகள் பின்னால் ஊர்வலம் வரும்.

கட்டிலில் படுத்துக்கொண்டு அந்தக் கையைத் தடவி, "வலிக்குதாடா கண்ணு? பொறுத்துக்கினு இரு, நான் கீறேன்" என்பார். நாங்கள் நைனா என்று கூப்பிடும் எங்கள் அப்பா காறித் துப்புவார். வாய் திறந்து திட்டக் கூச்சப்பட்ட நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அப்போது தெருப்பிள்ளைகள் எல்லாரும் கம்ப்யூட்டர் படித்து அமெரிக்காவுக்குப் போயே தீரவேண்டும் என்றிருந்தது. என் தங்கையைத் திருப்பதியில் ஹாஸ்டலோடு சேர்ந்த காலேஜில் இன்டர், அதாவது ப்ளஸ் டூ, சேர்த்தார்கள். பாதி வருஷத்தில் திரும்பி வந்து, சுவரைப் பார்த்துப் படுத்தாள். சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. வாய் திறந்தால், "நான் வேஸ்ட்டு" என்பது ஒன்றுதான்.

திருப்பதி டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். இதுவும் நோய்தான், இவள் மூளை ஓயாமல் இவளையே திட்டிக்கொண்டிருக்கிறது, நீங்களும் சேர்ந்துகொள்ளாதீர்கள் என்றார். நைனா பஸ்ஸிலேயே திட்ட ஆரம்பித்தார். வீட்டுக்கு வந்தவர்களும் தங்கள் பங்குக்கு, "கை கால் நல்லாத்தான கீது, இன்னா நோவு?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஒருநாள் மாமா முட்டையும் பத்தையுமாக வந்து நின்றார். நைனா வெளியே போகச் சொன்னார். மாமா காதில் வாங்காமல் தங்கை பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கையக் குடும்மா."

"ஒண்ணும் ஒடியல மாமா."

"எனக்கும்தான் ஒடியல. எத்தினி வருஷமா கட்டிக்கினு கீறேன்."

அவள் சுவரைவிட்டுத் திரும்பினாள். இடது கையை நீட்டினாள்.

அதன்பிறகு எங்கள் தெருவின் புத்திசாலித்தனத்தின் சாயம் வெளுத்தது. நோவு என்ன என்று கேட்ட அதே வாய்கள், "ஐயோ, எங்க விழுந்த?" என்று உருகின. ரொட்டி வந்தது, ஹார்லிக்ஸ் வந்தது. மார்க் கேட்க ஆளில்லை. எல்லாம் தெரிந்த நைனாகூட அந்தத் துணியைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திச் சோறு பிசைந்து கொடுத்தார்.

ஒரு சாயங்காலம் கட்டுக்குள் அரித்திருக்கிறது. அவள் விரலை நுழைத்துச் சொறிந்துகொண்டே, "கொஞ்சம் பொறுத்துக்கோ கண்ணு, சரியாப் பூடும்" என்று கையிடம் சொன்னது எனக்குக் கேட்டது. தன்னை வேஸ்ட்டு என்று சொன்ன அதே வாய்.

மாத்திரை தொடர்ந்தது. குணமாக நாளும் பிடித்தது. ஆனால் முழுப் பெருமையையும் மாமா எடுத்துக்கொண்டார். டாக்டரால் ஆகாததைத் தாம் முட்டையால் சாதித்ததாகப் போகிற இடமெல்லாம் பீற்றினார். ரேணிகுண்டா ஸ்டேஷனில் அப்படிப் பீற்றிக்கொண்டே படி இறங்கியவர், உருண்டு விழுந்து நிஜமாகவே கையை ஒடித்துக்கொண்டார்.

புத்தூர்க் கட்டோடு அவர் வந்து இறங்கியபோது, இதுவும் பழைய நாடகம்தான் என்று தெருவே சிரித்தது. அவர் மனைவி விறகு பிளக்கச் சொன்னாள். இம்முறை கட்டு நழுவவில்லை, ஒரு பூனையும் பின்னால் வரவில்லை. அதைக் கவனித்தவள் என் தங்கை மட்டும்தான். கிண்ணத்தில் ஈரல் வறுவலோடு போய் அவர் கட்டிலருகே உட்கார்ந்தாள்.

"ரொம்ப வலிக்குதா மாமா?"

மாமா தலையை ஆட்டினார். பிறகு கட்டுப் போட்ட கையைப் பார்த்து, "கேட்டியாடா கண்ணு?" என்றார்.

மாமா போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. இன்றும் தெருவில் பூனைகள் கூட்டமாகப் போனால், முன்னால் யார் போகிறார் என்று எட்டிப் பார்த்துவிடுகிறேன்.