பாரம் அண்ணையின் ரெயிலர்

எதிர்காலத்தின் மேல் அவரைப்போல முற்றாக நம்பிக்கை இழந்த ஒரு தமிழர் ரொறன்ரோவில் இருந்திருக்க முடியாது. வெயில் எறித்தால், "உது கனநேரம் நில்லாது" என்பார். சம்பளம் கூடினால், "ஆக்களை நிப்பாட்டப் போறாங்கள், அதுக்குத்தான் தாறாங்கள்" என்பார். தொண்ணூறுகளில் ஸ்காபறோவில் பெட்டி அடுக்கும் தொழிற்சாலை ஒன்றில் எனக்கும் அவருக்கும் ஒரே ஷிஃப்ற். அவருடைய சொந்தப் பெயர் சம்பளக் காசோலைக்கு மட்டும் தெரியும். எங்களுக்கு அவர் பாரம் அண்ணை.

பெயர் வந்தது ஒரு ரெயிலரால். கட்டில், அடுப்பு, கை கழுவும் தொட்டி எல்லாம் உள்ளே வைத்து, வாகனத்துக்குப் பின்னால் கொழுவி இழுத்துப் போகிற சின்ன வீடு அது. வெள்ளைக்காரர் விடுமுறைக்கு ஏரிக்கரைகளுக்குக் கொண்டுபோவார்கள். பாரம் அண்ணை வாங்கிய காரணம் வேறு.

"ஊரில எத்தினை தரம் ஓடினனாங்கள். ஒவ்வொரு தரமும் வீட்டை விட்டிட்டுத்தான் ஓடினது. இஞ்சயிருந்தும் ஒருநாள் கலைப்பாங்கள் தம்பி. அண்டைக்கு வீட்டையும் கொண்டு போவன்."

அவருடைய மனைவி ராணி அக்கா உள்ளேயிருந்து கேட்டார்: "கனடாவில ஆரப்பா உங்களைக் கலைக்கிறது?"

"இண்டைக்கு ஒருத்தருமில்லை" என்றார் அண்ணை, துக்கத்தோடு.

ரெயிலரை விற்றவர் விட்பியில் இருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர். அண்ணையின் சின்னக் காரில்தான் எடுக்கப் போனோம். கிழவர் காரைப் பார்த்தார். ரெயிலரைப் பார்த்தார். குனிந்து காரின் ரயரையும் பார்த்துவிட்டுச் சாவியைத் திரும்பவும் பொக்கற்றில் போட்டுக்கொண்டார். "இந்தக் கார் இதை ஒருவேளை இழுக்கும். ஆனால் நிறுத்தாது" என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு தன்னுடைய பிக்கப்பில் தானே இழுத்து வந்து, மோர்னிங்சைட்டில் அண்ணையின் வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போனார்.

அந்த ஒரு வசனம் அண்ணையை உருக்குலைத்துவிட்டது. உலகத்தில் உள்ள ஆபத்து எல்லாவற்றையும் தான் யோசித்துவிட்டதாக நினைத்திருந்தவர் அவர். இதை யோசிக்காமல் விட்டது அவருக்குப் பெரிய அவமானம்.

அன்றிலிருந்து அவருக்கு உலகமே நிறைதான். ஒரு வாகனம் இழுக்கக்கூடிய பாரத்துக்கு ஓர் எல்லை உண்டு. அது சுமக்கக்கூடிய பாரத்துக்கு இன்னோர் எல்லை உண்டு. ரெயிலரின் மூக்கு கொழுக்கியில் அழுத்துகிற பாரமும் வாகனத்துக்குள் ஏறுகிற ஆட்களும் அந்த இரண்டாவது எல்லைக்குள் அடங்க வேண்டும். ஆகவே மனிதர்களையும் நிறுக்கத்தானே வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் வந்து இருப்பார்.

"தம்பி, நீர் என்ன பாரம்?"

பெண்பிள்ளை ஒருத்தி பெரியவளானதைக் கொண்டாடிய ஒரு சாமத்திய வீட்டில், சாப்பாட்டு வரிசையில் முன்னால் நின்ற பருத்த அங்கிள் ஒருவரிடம் இதையே கேட்டார். அங்கிள் எடுத்த தட்டை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். வீட்டில் ராணி அக்காவைச் சோற்றுப் பானையோடு ஒரு தடவை, கறிச் சட்டியோடு ஒரு தடவை தராசில் ஏற்றினார். "கலியாணம் பேசேக்க சாதகம் மட்டும்தான் கேட்டவை" என்றார் அக்கா, பானையை இறக்காமலே.

சனிக்கிழமைகளில் பழைய வாகனம் விற்கும் இடங்களுக்கு என்னை இழுத்துக்கொண்டு போவார். ஒரு தமிழ்ப் பெடியன் பெரிய ஜீப் ஒன்றைத் தட்டிக் காட்டினான்.

"அண்ணை, இது யானையையும் இழுக்கும்."

"யானை தானா நிக்கும் தம்பி. ரெயிலர் நிக்குமோ?"

பெடியன் என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன்.

இப்படியே ஒரு கோடை போயிற்று. அடுத்ததும் போயிற்று. குளிர்காலத்தில் ரெயிலரின் கூரையில் ஏணி வைத்து ஏறிப் பனியைக் கூட்டித் தள்ளினார். பனிக்கும் பாரம் இருக்கிறதாம். அவருக்கு வாகனம் கிடைக்கும் என்ற நம்பிக்கையை நானும் விட்டுவிட்டேன். அந்த நேரத்தில்தான் நீளமான பழைய வான் ஒன்று அகப்பட்டது. எஞ்சின் பெரிது, பிறேக் பெரிது, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையில் நல்ல தூரம். கராஜில் ரெயிலருக்குத் தனிப் பிறேக் பூட்டி, அதைக் கையால் இயக்க ஸ்ரியரிங்குக்குக் கீழே ஒரு சின்ன நெம்புகோலும் வைத்தார்கள். "பொருந்துது" என்றார் அண்ணை. குரலில் சந்தோசம் இல்லை. ஏதோ பிழைக்கத்தான் போகிறது என்ற சந்தேகம் இருந்தது.

ஓடித் தப்புவதற்கு ஒத்திகையாக, கிழக்கே ஓர் ஏரிக்கரைக்குப் போக முடிவாயிற்று. அண்ணை, அக்கா, இரண்டு மகள்மார், அக்காவின் தம்பி, நான். பாரமான சாமான் எல்லாம் ரெயிலரின் சக்கரத்துக்கு முன்னால்தான் இருக்க வேண்டும் என்று அண்ணை தானே அடுக்கினார். மூக்கைத் தராசில் வைத்தும் பார்த்தார். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் காட்டியது. பிறகு, வீட்டு அடுப்பு நின்றுவிட்டதா என்று பார்க்க உள்ளே போனார்.

அந்த இடைவெளியில் அக்காவின் தம்பி அரிசி மூட்டை, ஐஸ் பெட்டி, சோடாப் பெட்டிகள் எல்லாவற்றையும் ரெயிலரின் கடைசி மூலையில் ஏற்றிவிட்டார். "பின்னுக்கு இடம் சும்மா கிடக்குது" என்றார் என்னிடம். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

ஏஜாக்ஸ் தாண்டி ஹைவேயில் போகும்போது பெரிய லொறி ஒன்று எங்களைக் கடந்தது. ரெயிலர் இடப்பக்கம் அசைந்தது. பிறகு வலப்பக்கம். பிறகு வானையே பிடித்து ஆட்டத் தொடங்கியது. மகள்மார் கத்தினார்கள். "பிறேக்கை அடியுங்கோ அத்தான்" என்று அக்காவின் தம்பி அலறினார்.

வாழ்நாள் முழுக்கப் பயந்த அந்த மனிதர் அப்போது பயப்படவில்லை. அக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்தார். ஸ்ரியரிங்கை நேராகப் பிடித்தார். கால் பிறேக்கைத் தொடாமல், அந்தச் சின்ன நெம்புகோலை மெல்ல அழுத்தினார். ரெயிலரின் சக்கரங்கள் மட்டும் பிடித்தன. ஆட்டம் குறைந்து, குறைந்து, நின்றது. அடுத்த வெளிவழியால் இறங்கி, பூட்டிக் கிடந்த ஒரு கடையின் பின்புறம் நிறுத்தினார்.

ரெயிலரைத் திறந்து பார்த்தார். கடைசி மூலையில் அரிசி மூட்டையைக் கண்டார். மூக்கை லேசாக்கி ரெயிலரை ஆடவைத்தது அதுதான். யாரையும் ஏசவில்லை. புல்லில் போய் இருந்தார்.

"எல்லாத்தையும் நிறுத்துப் பாத்தனான். எல்லாத்தையும் கவிழ்க்க ஒரு மூட்டை அரிசி காணும். நாளைக்குக் கலைச்சால் எங்களால ஓடேலாது, ராணி." அழுதார்.

ராணி அக்கா பக்கத்தில் இருந்தார். "ஓட வேண்டாம். எனக்கு ஓடி அலுத்துப்போச்சு. இனி ஆர் கலைச்சாலும் நான் கதவைப் பூட்டிட்டு உள்ளுக்கை இருப்பன். வேணுமெண்டால் நீங்கள் ஓடுங்கோ. வானுக்கும் பாரம் குறையும்."

அண்ணை கண்ணைத் துடைத்தார். "நான் மட்டும் போய் என்ன செய்யிறது" என்றார்.

அங்கேயே சோறு சாப்பிட்டோம். சாமான்களை முன்னுக்கு மாற்றி, உள் வீதிகளால் ஊர்ந்து வீடு திரும்பினோம். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் ஹோர்ன் அடித்தார்கள்.

ரெயிலரை விற்பதும் இலகுவாக இருக்கவில்லை. சின்னக் காரில் வந்தவரைத் திருப்பி அனுப்பினார். ஜீப்பில் வந்தவரிடம் அவருடைய மனைவியின் நிறையைக் கேட்டார். அவர்கள் தாமாகவே திரும்பிப் போனார்கள். கடைசியில் சரியான பிக்கப்போடு ஒரு தோட்டக்காரர் வந்தார். அண்ணை தன் கையாலேயே கொழுவி, சங்கிலிகளைக் குறுக்காக மாட்டி, விளக்குகளை எரியவிட்டுப் பார்த்தார். வண்டி மூலையில் மறையும்வரை றோட்டில் நின்றார்.

வானை மட்டும் வைத்துக்கொண்டார். றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போகும் போதெல்லாம் என்னையும் ஏற்றிக்கொள்வார். அந்த லொறி இடிக்கும், இந்தப் பாலம் விழும், இந்த மழை விடாது என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே ஓட்டுவார். நான் சீற்றில் சாய்ந்து அதைக் கேட்டபடியே நித்திரையாகிவிடுவேன். வேறு யாருடைய வாகனத்திலும் எனக்கு அப்படி நித்திரை வந்ததில்லை.