ப்ளைவுட் படகில் ஏறிய பெண்மை

நாடகக் கலையைத் தொடங்கிவைத்தவர்கள் கிரேக்கர்கள் என்பார்கள். அதை முடித்துவைத்த பெருமை காரைக்காலில் உள்ள ஒரு கல்லூரியின் நாடக வகுப்பையே சேரும்.

நாடகத்தின் பெயர் ‘அவள் படகேறினாள்’. மீனவப் பெண் ஒருத்தி தானே படகேறிக் கடலுக்குப் போகிறாள் என்பது கதை. எழுதியவர் பேராசிரியர் தோமா. பாரிஸில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனபோது அங்கே மூன்று நாள் நாடகப் பட்டறையில் உட்கார்ந்துவிட்டு வந்தவர். அன்றிலிருந்து மாணவர்களிடம் “நடி” என்று அவர் சொன்னதே இல்லை. “உடலால் சிந்தி” என்பார்.

நாயகி தீபா. காரைக்கால்மேட்டுக்காரி. அப்பாவுக்குச் சொந்தப் படகு உண்டு. ஆனால் அதில் அவள் இதுவரை கால் வைத்ததில்லை; அவர்கள் பக்கம் பெண்கள் படகேறும் வழக்கமில்லை. கடைசிக் காட்சியில் படகின் மூக்கில் நின்று, கையை உயர்த்தி, ஒரு பக்க வசனம் பேச வேண்டும். நாடகத்திலாவது ஏறிவிடலாம் என்றுதான் பெயரே கொடுத்தாள்.

படகு செய்யும் ‘அரங்க அமைப்புக் குழு’வுக்குத் தலைவன் அருள்மணி. அவனும் அதே ஊர். ப்ளைவுட்டையும் தெர்மகோலையும் வைத்து எட்டே நாளில் அச்சு அசல் படகைச் செய்து, பதிவு எண்கூட எழுதிவிட்டான். வேலை முடிந்ததும் கை சும்மா இருக்கவில்லை. மஞ்சள், குங்குமம், மாலை, சூடம் என்று புதுப்படகுக்குச் செய்வதையெல்லாம் செய்து, தேங்காயும் உடைத்துவிட்டான்.

“அற்புதம்! சடங்கே நாடகம்!” என்று பேராசிரியர் வீடியோ எடுத்தார்.

மறுநாள் ஒத்திகை. தீபா காலைத் தூக்கினாள்.

“ஏ புள்ள, நில்லு நில்லு! எங்க ஏறுற?” என்று குறுக்கே வந்தான் அருள்மணி.

“படகுலதான். நாடகத்துப் பேரே அதாண்டா.”

“பூசை போட்ட படகு. பொம்பள ஏறக் கூடாது.”

“டேய், இது ப்ளைவுட்டு!”

“ப்ளைவுட்டுக்குத்தான் பூசை போட்டுருக்கு.”

“இது கடலுக்கே போவாதுடா.”

“போவாதுதான். அதுக்காக முறைய விட முடியுமா?”

“நேத்து இதுக்குள்ள ஒக்காந்துதானடா பெயிண்ட் அடிச்சேன்?”

“அப்ப அது பலக.”

அவசரக் கூட்டம் கூடியது. மண்ணின் மரபையும் புண்படுத்தக் கூடாது, பெண் விடுதலையையும் கைவிடக் கூடாது என்று பேராசிரியர் இரண்டு மணி நேரம் கவலைப்பட்டார். பிறகு தீர்மானம் ‘ஏகமனதாக’ நிறைவேறியது. புடவை கட்டிக்கொண்டு அருள்மணி படகேறுவான். வசனத்தைத் தீபா மேடைக்குப் பின்னாலிருந்து மைக்கில் பேசுவாள்.

“உடல் ஓரிடம், குரல் ஓரிடம்! பாரிஸ்லயே இன்னும் இந்தத் துணிச்சல் வரலம்மா.”

“அப்ப நான் எங்க சார் இருப்பேன்?”

“நீ எங்கும் நிறைஞ்சிருப்பம்மா.”

“எங்கும்னா எங்க சார்?”

“ஜெனரேட்டர் பக்கத்துல.”

பத்து நாள் ஒத்திகையில் அருள்மணி வாயசைப்பில் தேர்ந்துவிட்டான். தீபா எதைச் சொன்னாலும் அவன் வாய் திறந்து மூடும்; ‘நான்’ என்று காதில் விழுந்தால் கை தானாக நெஞ்சுக்குப் போகும். என்ன வசனம் என்று கவனிப்பதை மட்டும் நிறுத்திவிட்டான். “இதுதான் முழுமையான அர்ப்பணிப்பு” என்றார் பேராசிரியர்.

நாடக நாள். நானூறு பேர். கடைசிக் காட்சியில் அருள்மணி படகின் மூக்கில் எழுந்து நின்று கையை உயர்த்தினான். மேடைக்குப் பின்னால், தீபாவின் தோழி சப்ரினா வசனத் தாளுக்குச் செல்போன் வெளிச்சம் பிடித்தாள்.

“‘அலையே, வழி விடு’ன்னு ஆரம்பிக்குது. சொல்லுடி.”

தீபா தாளை நான்காக மடித்து அவளிடமே கொடுத்தாள். மைக்கை வாயருகே இழுத்துக்கொண்டாள்.

“எம்பேரு அருள்மணி. இது தீபா ஏற வேண்டிய படகு. அவளத் தடுத்தது நான். அவ எடத்துல நிக்கிறதும் நான். பொம்பளைக்காக நான் செஞ்சது, இந்தப் பொடவயக் கட்டுனது ஒண்ணுதான்!”

மேடையில் அருள்மணி ஒரு சொல் தவறாமல் வாயசைத்தான். மூன்று முறை நெஞ்சில் அறைந்துகொண்டான்.

அரங்கம் அதிர்ந்தது. “யார் எழுதுன வசனம்?” என்று கண்ணைத் துடைத்தபடி திரும்பினார் சிறப்பு விருந்தினர்.

“இது என் நாடகத்துல…” என்று திகைத்த பேராசிரியர், அந்தக் கண்ணீரைப் பார்த்ததும், “நான்தான் சார்” என்றார்.

ஜெனரேட்டர் பக்கத்தில் இரண்டு பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

சிறந்த நடிகைக்கான கோப்பை அருள்மணிக்குக் கிடைத்தது. ‘பெண்ணின் குரல் தடையின்றி ஒலித்த நாள்’ என்று கல்லூரியின் ஆண்டறிக்கை அதைப் பதிவு செய்தது. முற்றிலும் உண்மை. நானூறு பேரும் எழுந்து நின்று அந்தக் குரலுக்குக் கைதட்டினார்கள். அந்தப் பெண் எங்கே என்று மட்டும் ஒருவரும் தேடவில்லை.