கீழக்கரைக் கடலில் நம் வீடு

கோவில்பட்டி
15.3.1998

ஏழு கடலையும் இடுப்பில் செருகித் திரியும் மருமகன் செண்பகராஜுக்கு, கரிசல் கடலின் ஏகபோகக் கேப்டனான உன் தாய்மாமன் லிங்கராஜ் ஆசியோடு எழுதுவது. இங்கே உன் அம்மா தவிர எல்லோரும் நலம்.

சொர்ணத்தாய் படுத்த படுக்கையாகிச் சோற்றையும் ஒதுக்கிவிட்டு, "அண்ணே, எம்மவன் இப்பம் எங்கன இருக்கான்?" என்று தினமும் என்னைக் குடைகிறாள், நீயோ கப்பலிலிருந்து ஊர்ப்பெயர் எழுதாமல் அட்சரேகை, தீர்க்கரேகை என்று பாகை பாகையாக எழுதுகிறாய், சரி, அந்த வித்தையையும் ஒரு கை பார்ப்போம் என்று நீ விட்டுப்போன, சூரியன் உயரத்தை அளக்கும் செக்ஸ்டன்டையும் கணக்குப் புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு எப்போதும்வென்றான் பக்கம் அறுப்பு முடிந்த கரிசலுக்குப் போனேன், கடல்போல அடிவானம் அங்கேதான் கிடைக்கும். உச்சிவெயிலில் சூரியனைக் கண்ணாடிக்குள் இறக்கி அடிவானத்தில் உட்காரவைத்தேன். அந்தச் சூட்டில் என் மீசையில் பாதி கருகிப்போனது. ஆடு மேய்த்த வெயிலுமுத்து, "அண்ணாச்சி, அதைப் புடிச்சி எந்தப் பட்டியில அடைக்கப் போறிய?" என்றான். "ஏலே, எங்க வீடு எங்கன இருக்குன்னு பாக்கேன்" என்றேன். "வழி மறந்துட்டோ?" என்று துணைக்கு ஒரு கிடாயை அனுப்பினான்.

நின்ற இடத்திலிருந்து ஊருக்குள்ள தூரத்தையும் கழித்துக் கணக்குப் போட்டால் நம் வீடு கீழக்கரைக்குத் தெற்கே கடலில் மிதக்கிறது. நம் தெருவே மில் சங்குக்குத்தானே கடிகாரம் வைக்கும், நானும் வைத்தேன். சங்கு நாலு நிமிடம் பிந்தி ஊதியிருக்கிறது. அந்த நாலு நிமிடத்தில் சூரியன் ஒரு பாகை நகர்ந்துவிடுமாம், பிறகு வீடு எப்படிக் கரையில் நிற்கும்? இது விளங்குவதற்குள் உன் அம்மாவிடம் சொல்லித் தொலைத்திருந்தேன். "அப்பம் அவன் கப்பல் நம்ம வாசல் வழியாத்தான போவும்" என்று எழுந்து உட்கார்ந்து ரெண்டு வாய் கஞ்சி குடித்தாள். அப்புறம் எந்த வாயால் சங்கின் கதையைச் சொல்ல? அதே தப்பு நேரத்தை வைத்தே அன்றாடம் கணக்குப் போட்டு, உன் கப்பலை ஒற்றை ஆளாக வாசலுக்கு இழுத்துக்கொண்டிருக்கிறேன்.

"அவனுக்கு ஒண்ணும் எழுதிராதிய, ஒப்பந்தம் முடிச்சி சாவகாசமா வரட்டும்" என்பது அவள் கட்டளை. எழுதிவிட்டேன். அவசரமில்லை.

செண்பகவல்லி அம்மன் உன் கப்பலுக்கு முன்னால் அலையைத் தடவி அமர்த்தட்டும்.

தரைதட்டி நிற்கும் உன் மாமன்,
லிங்கராஜ்

பின்குறிப்பு: இன்று காலையிலிருந்து அவளுக்குக் கஞ்சி இறங்கவில்லை. அவசரமில்லை என்றதை அடித்துவிடு. உன் கப்பல் கம்பெனிக்குத் தந்தி கொடுத்துவிட்டேன், இந்தக் கடிதத்துக்கு முன்னால் வந்துசேரும். தந்தியில் புளுகுவதற்கு இடம் கிடையாது. 'அம்மா தேடுகிறாள், வா' என்று மட்டும்தான் அடித்தேன்.